திருமேனி வார்ப்பும் உலோகம் உறையும் முறையும்



மாசிமகப் பெருவிழாவிலே மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் திருக்கோயிலினின்றும் ஐந்து தேர்கள் புறப்பட்டு நகர வீதிகளில் உலாவருங் காட்சி மலைநாட்டுச் சைவமக்கள் யாவரும் நன்கறிந்தது. வடம் பிடிக்கும் பெரியோரும், தோளேறி நோக்கும் சிறுவரும், தேர்மேல் எழுந்தருளியிருக்கும் திருமேனியைக் கண்டு கைகூப்புகின்றனர். மறுநாள் வகுப்பறையிலே மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்தச் சுவாமியை எப்படிச் செய்தார்கள்? உள்ளே வெறுமையா, நிறைவா? அதிலே தங்கம் இருக்கின்றதாமே, மெய்யா?" என்று வினவுவானாயின், நாம் யாது விடை பகர்வோம்? "அவையெல்லாம் வினவலாகாது" என்று அடக்கிவிடுதல் ஒரு வழி. "நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர்" என்று பொதுப்படப் புகழ்ந்து அமைதல் மற்றொரு வழி. இவ்விரண்டும் ஆசிரியர்க்கு அழகன்று. முன்னையது மாணாக்கன் அறிவை ஒடுக்கும். பின்னையது அவனை ஏமாற்றும். வினாவுக்கு நேரிய விடையளித்தலே கல்வியுஞ் சமயமும் ஒருங்கே வளர்தற்கு வாயில் என்பது எமது துணிபு. அவ்விடைக்கு வேண்டும் பொருளை ஈண்டு ஒரு பாடமாகத் தொகுத்துத் தருகின்றாம். இப்பாடம் அறியாமையால் விளையும் நட்டம் சிறிதன்று என்பது பின்னர்ப் புலப்படும்.

1. இரும்பும் செம்பும்

முதற்கண் ஓர் ஐயம். உலோகங்கள் பலவற்றுள் இரும்பு நமக்கு மிகப் பழக்கமானது, வலியது, விலையுங் குறைந்தது. அங்ஙனமாகவும் நம் திருமேனிகள் இரும்பால் வார்க்கப்படாது செம்பு கலந்த உலோகத்தாலேயே வார்க்கப்பட்டமை என்னை?

இதற்கு விடை மாத்தளை மாவட்டத்து மண்ணிலேயே உளது. சிகிரியாவுக்கு அணித்தாகிய அலகொலவெவப் பகுதியில், தெகிகஹ-அல-கந்த என்னுமிடத்தே, கிறித்துவாண்டுத் தொடக்கத்தையொட்டிய நூற்றாண்டுகளில் இரும்பு பிரித்தெடுத்த உலைகளைத் தொல்பொருளாய்வாளர் 1990ஆம் ஆண்டையடுத்து அகழ்ந்து கண்டனர். உலைகளைச் சூழ உலோகக் கசடு குவியல் குவியலாகக் கிடந்தது. அவ்வுலைகளிலே கரியும் இரும்புத் தாதும் இட்டுக் காற்றூட்டிய பழையோர், இரும்பை நீராக உருக்கினாரல்லர். தூய இரும்பு உருகுதற்குச் செல்சியசு அளவையில் 1538 பாகை வெப்பம் வேண்டும். அவ்வுலைகள் அவ்வளவு வெம்மை எய்தியனவல்ல. கரியிலிருந்து எழும் வளி தாதிலுள்ள ஒட்சிசனைக் கவர்ந்துகொள்ள, இரும்பு உருகாமலே பஞ்சுபோன்ற கட்டியாய்த் திரள, கசடுமாத்திரம் உருகி ஓடிற்று. அக்கட்டியை மீளக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தே கருவிகளாக்கினர். செம்போ 1085 பாகையில் உருகும். வெள்ளீயஞ் சேர்ந்தவழி அதனினுங் குறைந்த வெப்பத்தில் உருகும். துருத்தி பூட்டிய கரியுலைக்கு அஃது எட்டக்கூடிய அளவேயாம். ஆதலின் இரும்பு கொல்லன் சம்மட்டிக்கும், செம்பு சிற்பியின் அச்சுக்கும் உரியவாயின. ஒரே கரித்தீ, ஒன்றை உருக்க மாட்டாது நின்றது. மற்றொன்றை நீர்போல ஓடச் செய்தது. உருகுநிலை என்னும் பௌதிகச் சொல்லை மாணாக்கர்க்கு அறிமுகஞ் செய்தற்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டு யாதுளது?

2. மெழுகுக்கட்டு

மாத்தளைக்கு அயலதாகிய பொலன்னறுவையிலே 1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்பொருட் பகுதியினர் சிவாலயங்களை அகழ்ந்தபோது நடராசர், சுந்தரமூர்த்தி நாயனார் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. கொழும்பு அரும்பொருட் காட்சிச்சாலையில் அவற்றைக் கண்டு உருகாத சைவர் இலர். அத்தகைய திருமேனிகளை வார்த்த முறை மெழுகுக்கட்டு எனப்படும். வடநூலார் இதனை மதூச்சிட்ட விதானம் என்பர். மானசாரம் என்னுஞ் சிற்பநூலும், சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் 12ஆம் நூற்றாண்டு நூலாகிய மானசோல்லாசமும் இதனை விதந்து கூறுகின்றன. காவிரிக்கரையிற் சுவாமிமலைச் சிற்பிகள் இம்முறையை இன்றும் வழுவாது போற்றி வருகின்றனர். அவர் செய்கையை முறைப்படக் கூறுவாம்.

தேன்மெழுகுடன் குங்கிலியமும் சிறிது எண்ணெயுங் கூட்டிக் காய்ச்சி, வேண்டும் பதத்திற்கு இளக்கி, திருவுருவை மெழுகிலேயே முற்றச் சமைப்பர். தாளவளவுகள் பிழையாமைப் பொருட்டு, தென்னோலை நறுக்கொன்றைத் திருமேனியின் உயரத்துக்கு ஒப்பக் கத்தரித்து, அதனை மடித்து மடித்து உறுப்புக்களின் அளவைக் குறிப்பர். மெழுகுருவின்மேல் முதலாவதாக நுண்ணிய வண்டல் மண்ணை உமிக்கரியுடனும் பசுச்சாணத்துடனும் நன்கரைத்துப் பூசுவர். கண்ணிமையும் விரற்கோடும் அணிகலனுமாகிய நுட்பங்களைப் பற்றிக்கொள்வது இப்பூச்சே. அது நிழலில் உலர்ந்தபின் வயற்களிமண்ணும் மணலுஞ் சேர்த்து இரண்டாம் பூச்சு. பின்னர்ப் பருமணல் கலந்த தடித்த பூச்சு. பெரிய அச்சாயின் இருப்புக் கம்பிகளால் இறுகக் கட்டுவர். உலோகம் புகுதற்கு ஒரு வாயும், உள்ளிருக்குங் காற்று வெளியேறுதற்கு வேறு துளையும் விடுவர்.

அச்சு முற்ற உலர்ந்தபின் வறட்டியடுக்கிச் சூடேற்ற, மெழுகு உருகி வழிந்தோடும். உள்ளே திருவுருவின் வடிவாய் ஒரு வெற்றிடம் எஞ்சும். அச்சு சிவக்கக் காய்ந்த நிலையில் அதனைக் குழியிற் புதைத்து வாய் மேலாக நிறுத்தி, மூசையில் உருகிய உலோகத்தை இடையறாத மெல்லிய தாரையாக ஊற்றுவர். நன்கு ஆறியபின் மண்ணை உடைத்தெடுத்து, உளியால் நுணுக்கந் தீர்த்து மெருகிடுவர். மெழுகும் அழிந்தது, மண்ணும் உடைந்தது, எஞ்சியது ஒரு திருமேனி. ஆதலின் இம்முறையில் ஒன்றுபோல மற்றொன்று பிறத்தல் இல்லை.

முழுவதும் உலோகம் நிறைந்ததைக் கனவார்ப்பென்றும், நடுவே மட்கருவிட்டு வார்த்ததைப் பொள்ளல் வார்ப்பென்றும் வகுப்பர். நம் உற்சவ மூர்த்திகள் பெரும்பாலும் கனவார்ப்பே. பிரித்தானிய அரும்பொருட் காட்சிச்சாலையிலுள்ள, ஈழத்துக் கீழ்கரையிற் கிடைத்த தாரையின் உருவமும் 143 சென்ரிமீற்றர் உயரமுள்ளதாயினுங் கனவார்ப்பாகவே அமைந்தது. இத்துணைப் பெரிய உருவைக் கனமாக வார்த்தல் எத்துணை அரிது என்பது அடுத்த பகுதியால் விளங்கும்.

3. நிறைக்கணக்கு

மெழுகுருவை வார்ப்புக்கு முன் நிறுத்தல் சிற்பிகள் வழக்கு. மெழுகின் நிறையைக் கொண்டே வேண்டும் உலோகத்தின் நிறையை அறிவர். இதனை மேல்வகுப்பு மாணாக்கர்க்கு ஒரு கணக்காகக் கொடுக்கலாம்.

தேன்மெழுகின் அடர்த்தி ஏறக்குறைய 0.96, வெண்கலத்தின் அடர்த்தி ஏறக்குறைய 8.8. மெழுகு இருந்த இடத்தையே உலோகம் நிரப்புமாதலின், கனவளவு இரண்டிற்கும் ஒன்றே. 8.8ஐ 0.96ஆற் பிரிக்க 9.2 எனக் கிடைக்கும். ஆகவே 2 கிலோகிராம் மெழுகுக்கு 18.4 கிலோகிராம் வெண்கலம் வேண்டும். ஊற்றுவாயில் நிற்பதற்கும் சிந்துவதற்கும் இதன்மேற் சிறிது கூட்டிக்கொள்ளல் வேண்டும். உலோகம் இடையிற் போதாதாயின், முன் ஊற்றியது உறைந்துவிடப் பின் ஊற்றியது அதனோடு ஒன்றாகாது, திருமேனி இரண்டுபடும். பன்னாள் உழைப்பு ஒரு கணத்தில் வீணாகும். தராசிற் செய்யுங் கணக்கு இங்ஙனம் உலைக்களத்திலே பயன்றருகின்றது.

4. உறைதல் என்பது யாது?

இனிப் பாடத்தின் நடுப்பொருளுக்கு வருவாம். உருகிய உலோகம் ஆறும்போது உள்ளே நிகழ்வது யாது? அது மெல்ல மெல்லக் குழம்பாகித் தடித்துக் கல்லாகின்றது என்று பலர் எண்ணுவர். தூய உலோகத்தில் அங்ஙனம் நிகழ்வதில்லை.

திரவ நிலையில் அணுக்கள் ஒழுங்கின்றி அலைந்துகொண்டிருக்கும். வெப்பம் உருகுநிலைக்கு இறங்கியவுடன், அச்சின் சுவரை அடுத்த குளிர்ந்த இடங்களிலே சில அணுக்கள் வரிசைப்பட்டு நின்று, சிறு பளிங்குகளாகின்றன. அவை வித்துக்களை ஒக்கும். ஏனைய அணுக்கள் அவற்றின்மேல் ஒழுங்காக வந்தமர, பளிங்கு வளர்கின்றது. அது வளரும் வடிவு பெரும்பாலும் மரத்தின் வடிவே: நடுத்தண்டு ஒன்று நீளும், அதினின்று கிளைகள் பிரியும், கிளையினின்று சிறுகிளைகள் பிரியும். அயலிலிருந்து வளரும் மற்றொரு பளிங்கு குறுக்கிட்டவிடத்து வளர்ச்சி நிற்கும். இவ்வாறு எண்ணிறந்த பளிங்குகள் ஒன்றையொன்று நெருங்கிக் கோத்து நிற்பதே நாம் காணுந் திண்ம உலோகம். விரைவாகக் குளிர்ந்தால் வித்துக்கள் பல்கிப் பளிங்குகள் நுண்ணியவாகும். மெதுவாகக் குளிர்ந்தாற் பருமையாகும். காய்ச்சிய நெய்யை மெல்ல ஆறவிட்டால் மணல்மணலாக உறைவதையும், குளிர்நீரில் வைத்து விரைந்து ஆற்றினால் மழுமழுவென உறைவதையும் இல்லந்தோறும் காணலாம். இரண்டிலும் நியாயம் ஒன்றே.

உறையும்போது உலோகம் வெப்பத்தை வெளிவிடுகின்றது. அது மறைவெப்பம் எனப்படும். ஒரு கிலோகிராம் செம்பு உறையுங்கால் ஏறக்குறைய 205 கிலோயூல் வெப்பத்தை விடும். உறைந்த செம்பு மேலும் பலநூறு பாகை குளிருங்கால் விடும் வெப்பத்துக்கு அஃது ஈடாகும். அதனால், தூய செம்பு உறையத் தொடங்கியது முதல் முற்ற உறையும் வரையும் அதன் வெப்பநிலை 1085 பாகையிலேயே நிற்கும். பல உலோகங் கலந்ததாயின் இந்நியதி மாறும். நூற்றுக்குப் பத்துப்பங்கு வெள்ளீயங் கலந்த வெண்கலம் ஏறக்குறைய 1000 பாகையில் உறையத் தொடங்கி, 850 பாகைக்கு அணித்தாக வந்த பின்னரே முற்ற உறையும். இடைப்பட்ட வெப்பத்தில் அது பாதி பளிங்கும் பாதி திரவமுமாய்க் கூழ்போன்றிருக்கும்.

மூன்றாவது நிகழ்ச்சி சுருக்கம். நீர் உறைந்தாற் பெருக்கும். உலோகங்களுட் பெரும்பாலன உறைந்தாற் சுருங்கும். செம்பு உறையும்போது கனவளவில் நூற்றுக்கு நாலைந்து பங்கு குறையும். உறைந்தபின் ஆறுங்காலும் மேலும் சுருங்கி, நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை குறுகும். முன்னைய சுருக்கத்தால் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்பப் புதிய திரவம் வந்துசேராவிடின், தடித்த உறுப்பின் நடுவே குழிவிழும். மெல்லிய விரல்கள் முன் உறையும். தடித்த உடல் பின் உறையும். ஊற்றுவாயிலுள்ள உலோகம் எல்லாவற்றிற்கும் பின் உறைதல் வேண்டும். அங்ஙனமாயின், உள்ளே குறைவதையெல்லாம் ஊற்றுவாய் தாய்போல ஊட்டிக்கொண்டிருக்கும். ஊற்றுவாயை எங்கே வைப்பது, எத்துணை அகலமாக வைப்பது என்னுஞ் சிற்பியின் தெரிவிலே இந்நியாயம் முழுவதும் அடங்கியுள்ளது. அச்சைச் சிவக்கக் காய்ச்சுவதும், விரலின் நுனி சேருமுன் உலோகம் வழியிலே உறைந்துவிடாமைப் பொருட்டே.

நம் சமயவரலாற்றோடு இயைந்த வேறோர் உதாரணமும் உளது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1849ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார்கள். அக்காலத்து அச்செழுத்துக்கள் ஈயத்தால் வார்க்கப்பட்டனவென்று பொதுவிற் கூறுவர். தனியீயம் மென்மையுடையது; உறையுங்காற் சுருங்கி எழுத்தின் விளிம்பு மழுங்கும். ஆதலின் அந்திமனியும் வெள்ளீயமுங் கூட்டி வார்த்தனர். அந்திமனி சேர்தலால் உலோகம் வன்மையுறும். சுருக்கமும் மிகக் குறையும். எழுத்தின் முனை கூராக நிற்கும். நாம் ஏட்டினின்று நூலுக்கு வந்த வழியிலே, உலோகம் உறையும் முறையும் ஒரு படியாய் நின்றது.

5. வகுப்பறையிற் செய்துகாட்டல்

பரிசோதனைச்சாலை இல்லாத தோட்டப் பாடசாலையிலும் இவற்றைச் செய்துகாட்டலாம். ஒரு சிரட்டையிலே உருகிய மெழுகுதிரி மெழுகை விளிம்புவரை ஊற்றி அசையாது வைத்திடுக. ஓரம் முன் உறைவதையும், நடு கடைசியில் உறைவதையும், உறைந்தபின் நடுவிலே குழிவிழுந்திருப்பதையும் மாணாக்கர் தாமே காண்பர். மறுபடியும் அவ்வாறே ஊற்றி, குழிவிழத் தொடங்கும்போதெல்லாம் உருகிய மெழுகைச் சிறிது சிறிதாக நடுவில் விடுக. குழி நிரம்பும். ஊற்றுவாயின் தொழில் இதுவென்று அப்பொழுது கூறுக.

வெப்பமானி ஒன்று கிடைக்குமாயின், நீரிற் காய்ச்சி உருக்கிய மெழுகில் அதனை நிறுத்தி, அரை நிமிடத்துக்கொருமுறை அளவைக் குறித்து வரைபடம் இடுவிக்க. கோடு விரைந்து இறங்கிவந்து, மெழுகு உறையுமிடத்தே சாய்வு குறைந்து நின்று, பின்னர் மீண்டும் இறங்கும். மறைவெப்பத்தைக் கண்ணாற் கண்டவாறாயிற்று.

ஈயத்தையாதல் வேறு உலோகத்தையாதல் வகுப்பறையில் உருக்க வேண்டா. ஈயத்தின் புகை நஞ்சு. அன்றியும் அச்சில் ஒருதுளி ஈரம் இருப்பினும், உருகிய உலோகம் பட்டவுடன் அந்நீர் தன் கனவளவின் 1700 மடங்குக்கு அணித்தாகப் பெருகி நீராவியாகி, உலோகத்தை வெடித்தெறியும். சிற்பிகள் அச்சைப் பன்னாள் உலர்த்திப் பின்னுங் காய்ச்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் காக்கும் பொறுமை உயிர்காக்கும் பொறுமை என்பதை மாணாக்கர் உணரல் வேண்டும்.

6. பஞ்சலோகமும் பொய்வதந்தியும்

பஞ்சலோகமாவது செம்பு, பொன், வெள்ளி முதலிய ஐந்தின் சேர்க்கை என்பர். நூல்வழக்கு அதுவேயாயினும், பழைய சோழர்காலத் திருமேனிகளை ஆராய்ந்தோர் கண்டது யாதெனின், அவற்றுட் பெரும்பங்கு செம்பும், எஞ்சியது வெள்ளீயமும் காரீயமுமே என்பதாம். பொன்னும் வெள்ளியும் உளவாயின் மிகச் சிறிதளவே. வெள்ளீயம் உருகுநிலையைத் தாழ்த்தி வன்மை தரும். காரீயமோ திண்மநிலையிற் செம்போடு கலவாது. 327 பாகை வரையுந் திரவமாயிருந்து, பளிங்குக் கிளைகளின் இடைவெளிகளில் நிறைந்து நிற்கும். உருகிய உலோகம் இனிதோடுதற்கும், வார்த்தபின் உளி இசைந்து செல்லுதற்கும் அது துணையாம். மணிக்கோ வெள்ளீயம் ஐந்திலொரு பங்களவு வரை கூட்டுவர். அதனால் நாதம் உண்டாம். ஆயினும் அம்மணி தவறி விழுந்தால் வெடிக்கும்.

இதனை மாணாக்கர்க்கு விளங்கக் கூறுதல் இன்றியமையாதது. என்னை? "சுவாமி சிலையிலே பொன் நிறைந்திருக்கின்றது" என்னும் வதந்தியே கள்வரைக் கோயிலுக்கு அழைக்கின்றது. தமிழ்நாட்டிலே அண்மைக்காலத்தில் வேறொரு பொய்யும் பரவிற்று. கோபுரக் கலசங்களில் இரிடியம் என்னும் விலையுயர்ந்த உலோகம் உண்டென்றும், இடிதாக்கிய கலசத்தில் அது விளையுமென்றும் கூறி, வஞ்சகர் பலரை ஏமாற்றிப் பொருள் பறித்தனர், கலசங்களுங் களவுபோயின. உருகுநிலை கற்ற மாணாக்கன் இப்பொய்க்கு இரையாகான். இரிடியம் 2446 பாகையில் உருகுவது. நம் கரியுலைகளில் அதனை உருக்கி வார்த்தல் இயலாது. அவ்வுலோகத்தை உலகம் கண்டறிந்ததே 1803ஆம் ஆண்டில். செம்பின்மேல் இடி விழுந்தாற் செம்பு உருகுமேயன்றி வேறுலோகமாகாது.

இனி, களவின் மற்றொரு வடிவமும் உளது. தஞ்சை நாட்டுச் சிவபுரத்தில் 1951ஆம் ஆண்டில் நிலத்தினின்றும் வெளிப்பட்ட நடராசத் திருமேனி, பழுதுபார்த்தற்கென்று வெளியே அனுப்பப்பட்டது. திரும்பிக் கோயிலுக்கு வந்தது அதனைப் பார்த்து வார்த்த போலி. மூலத்திருமேனி கைம்மாறிக் கடல்கடந்து, 1973ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலே பெரும்பொருளுக்கு விலைபோயிற்று. வழக்கு நிகழ்ந்து, 1986ஆம் ஆண்டிலேயே அது பாரதநாடு மீண்டது. அடியார்கள் பல்லாண்டு போலியின்முன் நின்று வழிபட்டனர். அவர் அன்பு போலியன்று. இறைவன் அதனை ஏற்றிலன் என்றுஞ் சொல்லேம். ஆயினும் காத்தற்குரியதைக் காவாது விட்ட குற்றம் நம்மதேயன்றோ?

ஈண்டுச் சுருக்கம் பற்றிய பாடம் துணைசெய்யும். ஒரு திருமேனியின்மேல் அச்செடுத்து அதினின்றும் வேறொன்றை வார்த்தால், புதிய உலோகம் ஆறுங்காற் சுருங்குமாதலின், போலி மூலத்தினும் சிறிது குறுகியிருக்கும். 50 சென்ரிமீற்றர் உயரமுள்ளதாயின், ஏழெட்டு மில்லிமீற்றர் முதல் ஒரு சென்ரிமீற்றர் வரை குறையும். புதிதாக மெழுகிற் சமைத்து வார்த்த போலியாயின், உயரத்தை ஒப்பித்தாலும், மூலத்திலுள்ள வார்ப்புக் குறைகளையும் உளிச்சுவடுகளையும் முற்ற ஒப்பித்தல் அரிது. ஆதலின் ஒவ்வொரு கோயிலிலும் உற்சவ மூர்த்திகளின் உயரம், நிறை, பீடத்தின் அளவு, பின்புறத்துள்ள சிறு துளை, வடு, ஒட்டு ஆகியவற்றைப் படங்களுடன் ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும். குருக்கள்மாரதும் தருமகர்த்தாக்களதும் இசைவுபெற்று, அபிடேக காலத்துக்குப் புறம்பாக, ஆசாரம் வழுவாமல் இவற்றைக் குறித்தற்கு ஆசிரியர் உதவுவாராயின், அதனினுஞ் சிறந்த திருத்தொண்டு பிறிதில்லை.

7. செம்பிற் களிம்பு

சைவசித்தாந்தம் படிப்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்விடத்தே ஓர் இடர்ப்பாடு நேர்தல் கூடும். ஆணவமலம் ஆன்மாவை அநாதியே பற்றிநிற்றலுக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறுகின்றோம். இரசாயனவியல் கற்கும் மாணாக்கன், "ஐயா, களிம்பு காற்றும் ஈரமும் பட்டுப் பின்னர் உண்டாவதென்று படித்தோமே, அஃது எங்ஙனம் அநாதியாகும்?" என்று கேட்பானாயின், அவன்மேற் சினத்தலாகாது. அவன் கேட்டது நேரிய கேள்வி.

அவனுக்குக் கூறத்தக்கது இது. செம்பின்மேற் பச்சையாய்ப் படரும் பொருள், செம்பு காற்றிலுள்ள ஒட்சிசனோடும் ஈரத்தோடும் கரியமிலவாயுவோடுங் கூடுதலால் விளைவது. இரசாயனம் கூறுவது மெய். அதனை மறுக்க வேண்டுவதில்லை. உவமை என்பது ஒருபுடை ஒப்புமை. பொருளின் எல்லாக் கூற்றையும் உவமையில் தேடுதல் முறையன்று. புளியிட்டுத் துலக்கிய செம்பு சின்னாளிலே மீண்டும் மங்குதலை நாடோறுங் காண்கின்றோம். வெளியிலிருந்து பூசிய அழுக்காயின் ஒருமுறை கழுவியவுடன் ஒழிந்திருக்கும். களிம்புக்கு இடங்கொடுக்குந் தன்மை செம்பின் இயல்பிலே உளது. பொன்னின் இயல்பில் இல்லை. ஆன்மா தன் முயற்சியால் எத்துணைத் துலக்கினும் மலம் முற்ற நீங்காமையும், திருவருள் ஒன்றாலேயே நீங்குதலும் விளக்குதற்கே பெரியோர் அவ்வுவமையை எடுத்தாண்டனர். இரசகுளிகை பட்டுச் செம்பு பொன்னாம் என்பதும் அக்காலத்து நம்பிக்கை பற்றி எழுந்த உவமையே. இரசாயன முறையால் ஓர் உலோகம் மற்றோர் உலோகமாகாதென்பது இன்று தெளிந்த முடிபு. உவமை தளர்வதனால் உவமேயம் தளராது.

உருகிய செம்பு காற்றிலுள்ள ஒட்சிசனை உட்கொள்ளும். உறையும்போது அது செம்பின் ஒட்சைட்டாகிப் பளிங்குகளின் இடையிடையே தங்கிவிடும். புறத்தே பளபளக்குஞ் செம்பின் அகத்தே, கண்ணுக்குத் தோன்றாது நுணுகிப் பரந்த குற்றம் ஒன்று இங்ஙனம் இருத்தல் கூடும். இதனை நம் முன்னோர் அறிந்தே உவமை கூறினர் என்று சாதிக்கப் புகுதல் வேண்டா, அதற்குச் சான்றில்லை. உவமையின் கருத்தை மாணாக்கன் மனத்திற் பதித்தற்கு இதுவும் ஒரு துணையாகும் என்று கொள்ளுதலே சால்பு. சமயத்தைக் காத்தற்பொருட்டு அறிவியலைத் திரிப்போமாயின், மாணாக்கன் ஒருநாள் அத்திரிபைக் கண்டுகொள்வான். அன்று அவன் திரிபை மாத்திரம் தள்ளான். சமயத்தையுஞ் சேர்த்தே தள்ளுவான்.

8. முடிவுரை

இவ்விரு நெறியையும் ஒருவரே கைக்கொள்ளுதல் கூடுமோ என்று ஐயுறுவார்க்கு, கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் வாழ்வே விடையாம். 1877ஆம் ஆண்டு பிறந்த அப்பெரியார் முதற்கண் நிலவியல் வல்லுநர். இலங்கையின் கனிப்பொருளாய்வுக்குத் தலைவராயிருந்து பாறைகளையுங் கனியங்களையும் ஆராய்ந்தவர். அக்கண்ணினாலேயே கண்டி நாட்டுக் கம்மியர் கலைகளை நோக்கி 1908ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் எழுதினார். 1914ஆம் ஆண்டிலே கொழும்புக் காட்சிச்சாலைச் செப்புத்திருமேனிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சிவபிரான் திருநடனத்தின் கருத்தை மேனாட்டார்க்கு உணர்த்தினார். கல்லையும் உலோகத்தையும் ஆராய்ந்த அறிவு அவரைக் கடவுளினின்றும் பிரிக்கவில்லை.

ஆசிரியர்களே, உலைக்களத்தில் நின்று புகையுண்டு, கைகள் காய்ப்பேறித் திருமேனி சமைக்குங் கம்மியன் மகனும், கொழுந்து பறிக்குந் தாயின் மகளும் நும் வகுப்பில் அருகருகே அமர்ந்திருக்கலாம். கம்மியன் தொழில் கையளவில் நிற்பதன்று, நுண்ணறிவு வேண்டுவது என்பதை இப்பாடத்தால் இருவரும் உணர்வர். வார்ப்பு முடிந்த உலோகம், கும்பாபிடேக முதலிய கிரியைகளால் இறைவன் எழுந்தருளும் இடமாகின்றது. அதற்கு முன்னும் பின்னும் அது உலோக இயல்பை விட்டதன்று. ஆதலின் அதனைக் காத்தற்கு உலோக அறிவும் வேண்டும், வழிபடுதற்கு அன்பும் வேண்டும். அடுத்த மாசிமகத்திற் தேர் அசையுங்கால், வடம்பிடிக்கும் நும் மாணாக்கன் மேலே எழுந்தருளும் மூர்த்தியைக் கண்டு கைகூப்புவானாக, "ஐயா, சுவாமியின் உயரமும் நிறையும் நம் கோயில் ஏட்டில் எழுதியாயிற்றா?" என்று வினவவும் அறிந்திருப்பானாக.

சுபம்.